மைனஸ் ஐந்நூற்று எண்பத்து நான்கு

பாயை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு குடை ஞாபகம் வரும். இரும்புலியூரில் எங்கள் அலுவலகம் இருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கழற்றிப் போட்ட பழைய ஏசிக்கும் நடுவில், ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் குடை விரிந்திருந்தது. ஆனால் அது அவர் தலைக்கு மேல் இல்லை. கவிழ்த்துவைத்த சட்னிக் கிண்ணம் அளவுக்கு இருந்த ஒரு வெள்ளை ஆன்டெனாவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த ஆன்டெனாவின் அடியில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். "நனைஞ்சா கோவிச்சுக்குது சார். மழை பேஞ்சா அன்னிக்குக் காலைல டைம் சர்வீஸ் படுத்துடுது. ஒரே பேஜாரு" என்றார். மழைக்கும் அந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி. என்ன தொடர்பு என்பதில்தான் கோட்டைவிட்டோம்.

ஏழெட்டு வருடங்களுக்கு முந்தைய கதை இது. வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுத் தாள்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றும் அலுவலகம் அது. எழுபது பேர் வேலை பார்த்தோம், முக்கால்வாசி பெண்கள். கேபிள், கணினிப் பெட்டி, நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. சர்வரும் அதற்குள் ஓடும் மென்பொருள்களும் பாயின் பொறுப்பு. அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னைவிட நான்கு வயது சின்னவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். இதில் யாருக்கு யார் மரியாதை கொடுத்தோம் என்று இன்றுவரை நான் யோசித்ததில்லை.

ஆன்டெனா வந்ததற்குக் காரணம் வாடிக்கையாளர்கள். ஒவ்வொரு தாளும் எந்த நொடியில் ஏற்றப்பட்டது என்ற பதிவு துல்லியமாக இருக்க வேண்டும், அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும், வருடக் கடைசியில் ஆள் அனுப்பிச் சோதிப்போம் என்று எழுதியிருந்தார்கள். அதற்கென்றே இருக்கும் மென்பொருளை நாங்கள் டைம் சர்வீஸ் என்று சொல்வோம். ஒரு சர்வரில் அது ஓடும். மொட்டைமாடி ஆன்டெனா வழியே செயற்கைக்கோளின் நேரத்தை வாங்கி சர்வரின் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். மற்றக் கணினிகள் அதைக் கேட்டுத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். ஊரில் எல்லோரும் இந்த மென்பொருளைத் தயாராக இறக்கி நிறுவிக்கொள்வார்கள். பாய் அப்படிச் செய்யவில்லை. எங்கள் ஆன்டெனா மலிவு ரகம். தயார்நிலையில் கிடைத்த பதிப்பு அதோடு ஒத்துப்போகவில்லை. அதனால் மூல நிரலையே இறக்கி, தனக்கு வேண்டியபடி மாற்றி, கணினிக்குப் புரியும் வடிவத்துக்குத் தானே கம்பைல் செய்துகொண்டார். "ரெடிமேட் சட்டை தோள்ல பிடிக்குதுன்னா துணி எடுத்துத் தைச்சுக்கணும் சார்" என்றார். தைத்ததோடு நிற்காமல் ஒரு பாக்கெட்டும் வைத்தார். கடிகாரம் எவ்வளவு விலகியது, எப்போது திருத்தப்பட்டது என்று பதினாறு நொடிக்கு ஒருமுறை ஒரு அட்டவணையில் குறித்துவைக்கும் நாற்பது வரிகளைத் தானே எழுதிச் சேர்த்தார். சோதனைக்கு வருகிறவர்களிடம் வரைபடமாகக் காட்டலாம் என்று அவருக்கு ஆசை.

அந்த ஆசையில் ஒரு கணக்கு இருந்தது. அவர் ஒப்பந்த ஊழியர். இரண்டு முறை நீட்டித்துவிட்டார்கள்; மூன்றாவது முறை நிரந்தரம், அல்லது வாசல். சோதனை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். மேற்குத் தாம்பரத்தில் அவர் வாப்பாவுக்குப் பிளைவுட் கடை இருந்தது. அண்ணன் துபாய்க்குப் போய்விட்டதால் கடைக்கு ஆள் இல்லை. வாப்பா தினமும் ராத்திரி சாப்பாட்டில் அதைப் பற்றித்தான் பேசுவாராம். "இந்தத் தடவை பெர்மனென்ட் ஆகலேன்னா நானே வந்து கல்லால உக்காந்துக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன் சார்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாரே தவிர, மரத்தூள் வாசனை பட்டாலே தனக்குத் தும்மல் வரும் என்றும் சேர்த்துச் சொன்னார். அவருக்குப் பிடித்த வேலை இதுதான். யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் நுழைந்து, எந்த வரி எதைச் செய்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போவது. அப்படிப் பார்க்கும்போது அவர் டீயைக்கூட மறந்துவிடுவார், ஆடை படிந்து கிடக்கும்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் டைம் சர்வீஸ் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. புரட்டாசிக் கடைசியில் மழை தொடங்கியதும் விழ ஆரம்பித்தது. காலை பத்து மணிக்குப் பாய் வேலைக்கு வந்து பார்த்தால் மென்பொருள் செத்துக் கிடக்கும். ஒன்பதே முக்காலுக்குள் ஏதோ ஒரு நேரத்தில் விழுந்திருக்கும். திரும்பக் கிளப்பினால் மறுநாள்வரை, சில சமயம் ஒரு வாரம்வரை ஒழுங்காக ஓடும். பிறகு இன்னொரு காலையில் விழும். மற்ற நேரத்தில் விழவே விழாது.

பாய் எதையும் விட்டுவைக்கவில்லை. முதலில் என் பக்கம் சந்தேகப்பட்டார், நியாயம்தான். மெமரி கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன், குறையில்லை. யுபிஎஸ் மாற்றினேன். காலையில் ஏசியும் லிஃப்டும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் மின்சாரம் துள்ளுகிறதோ என்று ஒரு வாரம் மீட்டரோடு உட்கார்ந்தேன். பிறகு அவர் தன்னைச் சந்தேகப்பட்டார். கம்பைல் செய்யும்போது வேகத்துக்காகக் கொடுத்திருந்த கூடுதல் கட்டளைகளை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தார். விழுந்தது. மென்பொருள் கடன்வாங்கிக்கொள்ளும் நூலகக் கோப்புகளின் பதிப்பு மாறியிருக்கிறதோ என்று பார்த்து, மறுபடி கம்பைல் செய்தார். விழுந்தது. சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்புகளைத் தினமும் வரிவரியாகப் படித்தார். அதைப் படிக்க வசதியாக எல்லா மென்பொருள்களின் குறிப்புகளையும் சேர்த்து நேர வரிசையில் அடுக்கித் தரும் ஒரு சின்ன நிரல் வைத்திருந்தார். அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒன்பது முப்பது, ஒன்பது முப்பத்தொன்று என்று வரிகள் சீராக வந்து, நடுவில் டைம் சர்வீஸ் மட்டும் பேச்சு மூச்சில்லாமல் நின்றிருக்கும்.

இங்கே அட்மின் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர், சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். பேனா, சாவி, மாப், கழிப்பறைச் சோப்பு, வருகைப் பதிவு எல்லாம் அவர் ஆட்சி. டீக் கறை படிந்த கீபோர்டைப் பார்த்தால் ஊரைக் கூட்டிவிடுவார். வருகைப் பதிவு என்பது வாசலில் விரல் வைக்கும் இயந்திரம். ஒன்பதரைக்கு வேலை, ஒன்பது நாற்பதுவரை சலுகை, அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் அரை நாள் விடுப்பு. ஒரு மாதத்தில் மூன்று முறை ஆனால் மெமோ. வருடத்தில் மூன்று மெமோ ஆனால் வீட்டுக்குப் போகலாம். தனி சர்வர் வாங்க அனுமதி கிடைக்காததால் இந்த வருகைப் பதிவு மென்பொருளும் டைம் சர்வீஸ் ஓடிய அதே சர்வரில்தான் ஓடியது.

நான் அப்போது பொத்தேரியில் இருந்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று கட்டிய ஒரு கட்டடத்தில், தரைத்தளத்தில், மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் நானும். செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயிலில் ஏறிப் பெருங்களத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பேன். எங்கள் அலுவலகத்தில் முப்பது பேருக்கு அதுதான் வழி. மழை பெய்தால் அந்த ரயில் வண்டலூரைத் தாண்டியதும் சிக்னலில் நின்றுவிடும். ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வருடம் வைகாசிக்குள் எனக்கு இரண்டு மெமோ வந்துவிட்டது. இதில் ரயிலின் பங்கு பாதி, குழந்தை பிறந்த வீட்டின் பங்கு பாதி.

அதனால் புரட்டாசிக் கடைசியில் முதல் மழை நாளன்று, அந்த மாதம் ஏற்கனவே இரண்டு முறை தாமதமாகியிருந்த நிலையில், கைபேசியில் ஒன்பது நாற்பத்தெட்டு என்று பார்த்துக்கொண்டே படியேறி, மூன்றாவது மெமோவுக்கு மனதைத் தயார்செய்துகொண்டு விரல் வைத்தேன். திரையில் ஒன்பது முப்பத்தெட்டு என்று வந்தது. எனக்கு முன்னால் விரல் வைத்த பெண்ணுக்கும் அப்படித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உள்ளே போனோம். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். வாங்கிக்கொள்கிறவன் கூரையை அண்ணாந்து பார்த்து விசாரணை நடத்துவதில்லை. அடுத்த மழையிலும் அதுவே நடந்தது. அதற்கடுத்த மழையிலும்.

பாய்க்கும் எனக்கும் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. ஆன்டெனாவுக்குப் பை கட்டிய இரண்டு நாள் கழித்து அங்கே நின்றுகொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "சார், நீங்க ஒன்பதரைக்கே வந்துடறீங்க. நான் வர்றது பத்து மணிக்கு. அந்த நேரத்துல ஏதாச்சும் வித்தியாசமா கண்ணுல பட்டுச்சா? லைட்டு மினுக்குச்சு, ஏதாச்சும் மெஷின் மெதுவா இருந்துச்சு, எதுனாலும் சொல்லுங்க." நான் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் இல்லையே பாய்" என்றேன். பொய் சொல்லுகிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. ஒன்பது முப்பத்தெட்டு என்பது என்னுடைய சொந்த விஷயம், அவருடைய மென்பொருள் வேறு விஷயம் என்று எனக்குள் ஏதோ பிரித்துவைத்திருந்தது. கணினித் துறையில் பத்து வருடம் வேலை பார்த்தவனுக்கு இரண்டும் ஒரே சர்வரில் ஓடுகின்றன என்று தெரியாமல் இல்லை.

கடைசியில் பாய் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தார். ஒரு மென்பொருள் விழும்போது அந்த நொடியில் அதன் நினைவகத்தில் என்ன இருந்ததோ அதை அப்படியே ஒரு கோப்பில் கொட்டிவைக்கச் சொல்லலாம். வழக்கமாக அது அணைத்துவைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்துவிட்டு, எந்த வரியில் விழுந்தது என்று தெரியும்படியாக மென்பொருளை இன்னொரு முறை கம்பைல் செய்து ஓடவிட்டார். உடனே அது நல்ல பிள்ளையாகிவிட்டது. ஒன்பது நாள் விழவில்லை. வேலைசெய்யாத பிள்ளை விருந்தாளி வந்தால் வேலைசெய்வதைப் போல என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் கொஞ்சம் நம்பிக்கொண்டார். கம்பைல் செய்ததிலேயே ஏதோ சரியாகிவிட்டது என்று மேனேஜரிடம் சொல்லவும் செய்தார். அந்த ஒன்பது நாளும் வெயில் அடித்தது என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் விடிகாலையிலிருந்து மழை. வண்டலூர் தாண்டி ரயில் நின்றது. நான் இறங்கி ஓடிவந்து விரல் வைத்தபோது திரையில் ஒன்பது முப்பத்தொன்பது. பாய் பத்து மணிக்கு வந்தார், பத்து ஐந்துக்கு என் மேசைக்கு வந்து, "சார், விழுந்துடுச்சு, வாங்க" என்று கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். கொட்டிய கோப்பைத் திறந்தார். விழுந்த இடம் அந்தப் பெரிய மென்பொருளில் எங்கும் இல்லை; அவர் சேர்த்த நாற்பது வரிகளில் இருபத்தேழாவது வரி. போன முறை குறித்ததற்கும் இந்த முறைக்கும் இடையில் எத்தனை நொடி ஆனது என்று கணக்கிட்டு, அந்த எண்ணைக் கொண்டு அட்டவணையில் இடம் தேடும் வரி அது. அந்த எண் எப்போதும் பதினாறாகத்தான் இருக்க வேண்டும். மிஞ்சிப்போனால் பதினேழு. திரையில் மைனஸ் ஐந்நூற்று எண்பத்து நான்கு என்று இருந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காலம் முன்னால்தான் போகும் என்று நம்பி அந்த வரியை எழுதியிருந்தார். அது பின்னால் போனதும், அட்டவணைக்கு வெளியே, வேறு எதற்கோ சொந்தமான இடத்தில் போய் எழுதியிருக்கிறது. அத்துமீறியதற்காக இயங்குதளம் அதைக் கொன்றுவிட்டது. "என் தப்புதான் சார். மைனஸ் வந்தா என்னன்னு நான் யோசிக்கவே இல்ல" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து ஐந்நூற்று எண்பத்து நான்கோடு பதினாறைக் கூட்டினார். "பாருங்க. பதினாறு செகண்ட் ஒழுங்கா ஓடியிருக்கு. அப்ப பின்னாடி போனது சரியா அறுநூறு. பத்து நிமிஷம். மெஷின் தப்புப் பண்ணா இப்படி ரவுண்டா பண்ணாது சார். இது மனுஷன் வேலை."

அடுக்கித் தரும் தன் நிரலை ஒதுக்கிவிட்டு, குறிப்புகளை எழுதப்பட்ட வரிசையிலேயே திறந்தார். ஒன்பது முப்பத்தொன்பதுக்கு ஒரு வரி. அதற்கு அடுத்த வரி ஒன்பது இருபத்தொன்பது. கீழே போனால், பத்துக்குச் சற்று முன்னால் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் தாவியிருந்தது. பழைய நாட்களையும் திறந்தார். பதினொரு முறை விழுந்திருந்தது, பதினொரு நாளும் இதே கதை. நேர வரிசையில் அடுக்கி அடுக்கியே அவர் தடயத்தை ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே அழித்திருக்கிறார். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல், திரையில் இருந்த வேறு ஏதோ வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகைப் பதிவு மென்பொருளில் நேரம் திருத்தும் ஒரு பக்கம் உண்டு. பேட்டரி தீர்ந்து சர்வரின் கடிகாரம் தாறுமாறாகப் போனால் சரிசெய்துகொள்ள, விற்றவர்கள் வைத்துக் கொடுத்தது. டைம் சர்வீஸ் எல்லாம் வருவதற்கு முந்தைய காலத்தில் அக்காதான் தினமும் காலையில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைச் சரிசெய்துவந்தார். அந்தப் பழக்கத்தில் இந்த மழைக்காலத்தில் ஒரு கிளை முளைத்திருந்தது. ரயில் நின்றுவிட்டால் அதில் வரும் பெண்கள் அவருக்கு வாட்ஸப் அனுப்புவார்கள். அவர் போய்க் கீழ்நோக்கிய அம்புக்குறியைப் பத்துத் தடவை அழுத்துவார். எல்லோரும் வந்து விரல் வைத்து முடித்ததும் மேல்நோக்கிய அம்புக்குறியைப் பத்துத் தடவை அழுத்துவார். பாய் கேட்டபோது அவர் ஒளிக்கவே இல்லையாம். "ஒருத்தர் லேட்னா அது அவர் தப்பு தம்பி. முப்பது பேர் லேட்னா அது ரயில் தப்பு. ரயிலுக்கு நான் எப்படி மெமோ குடுக்கறது?" என்றாராம். அதனால் இன்னொரு மென்பொருள் விழுகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் அதைப் பார்த்ததும் இல்லை.

இதைப் பாய் மத்தியானம் என்னிடம் வந்து சொன்னார். அவர் முடிப்பதற்குள் நான் சொன்னேன்: "வெளிய சொன்னா அக்கா வேலை போயிடும் பாய். வருகைப் பதிவையே மாத்தினாங்கன்னு ஆயிடும். பாவம், வயசானவங்க." மிகவும் உருக்கமாகச் சொன்னேன் என்று ஞாபகம். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா சார்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை கொடுத்தார். ஒரே பக்கம். கடிகாரம் பின்னோக்கி நகரும் சந்தர்ப்பத்தை நிரல் கையாளவில்லை, அந்த வரியை எழுதியது நான், திருத்திவிட்டேன் என்று இருந்தது. ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கடிகாரம் ஏன் பின்னோக்கி நகர்ந்தது என்று மட்டும் அதில் இல்லை. வன்பொருளில் குறை இல்லை என்று நான் கீழே கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். மேனேஜர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேனேஜர் கோபக்காரர் இல்லை. கணினி தெரியாதவர், அவ்வளவுதான். "ரெடியா, ஃப்ரீயா ஊரே யூஸ் பண்றத விட்டுட்டு, நீங்க ஏன் பாய் சொந்தமா சமைக்கப் போனீங்க? ஆடிட்டுக்கு மூணு வாரம் இருக்கு. பதினொரு தடவை டவுன்னு அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். பாய் அறிக்கையின் மடிந்த மூலையை நிமிர்த்தினார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது காரணம் இருக்கா? உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்றார். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய வருடத்து விடுமுறைப் பட்டியல் ஒன்று இருந்தது. அதைப் படித்தபடி, இல்லை சார் என்றேன்.

மாதக் கடைசியில் பாயின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. போவதற்கு முன்னால் தன் நாற்பது வரிகளை எடுத்துவிட்டு, வேறு ஆன்டெனா வாங்கவைத்து, தயார்நிலை மென்பொருளை நிறுவிக் கொடுத்தார். எல்லாவற்றையும் மூன்று பக்கத்தில் எழுதி எனக்குப் புரியவைத்தார். ஆடிட் நல்லபடியாக முடிந்தது. புது மென்பொருள் கடிகாரத்தை யார் நகர்த்தினாலும் கொஞ்ச நேரத்தில் இழுத்து நிறுத்திவிடும் என்று பாய் அக்காவிடம் சொல்லியிருந்தார். அதனால் அக்கா அம்புக்குறியைத் தொடுவதை நிறுத்திவிட்டார். அடுத்த மழையில் முப்பது பேருக்கும் அரை நாள் போனது. மறுநாள் காலை அக்கா நேராக மேனேஜர் அறைக்குள் போனார். பத்தே நிமிடத்தில் வெளியே வந்து, ரயில் தாமதமான நாளில் விதி பொருந்தாது, ரயிலில் இருந்து ஒரு போட்டோ அனுப்பினால் போதும் என்று ஒரு சுற்றறிக்கையை அடித்து ஒட்டினார். கேட்டதும் கொடுத்துவிட்டார் மேனேஜர். இதை முன்பே கேட்கலாமே என்று இத்தனை வருடம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் மூன்றாவது மெமோ வரவே இல்லை. அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்கடுத்த வருடம் ஓஎம்ஆரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

பாயை நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். நினைக்கும்போதெல்லாம் அக்காவையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன். ஒரு வயதான பெண்ணின் வேலையைக் காப்பாற்ற நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம், அதில் பாய்க்கு நஷ்டம் வந்துவிட்டது, என்ன செய்வது என்று ஒரு மாதிரி நிம்மதியாகவே நினைத்துக்கொள்வேன். இத்தனை வருடம் அந்த நினைப்போடு நன்றாகத்தான் தூங்கினேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கினோம். சமையலறை அலமாரிக்கு நல்ல பலகை வேண்டும் என்று தச்சர் சொன்னதும், வேண்டுமென்றே இவ்வளவு தூரம் மேற்குத் தாம்பரத்துக்கு வண்டியை விட்டேன். கடை பெரிதாகியிருந்தது. பாய் தாடியில் நரை விழுந்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தும்மல் எல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிட்டது என்றார். வாப்பா போன வருடம் தவறிவிட்டார் என்றார். என் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். டீ வந்தது. அவர் நன்றாக இருக்கிறார் என்று கண்ணால் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு மேனேஜர் ரூம்ல நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் பாய். அக்கா வேலைய நினைச்சுத்தான்..."

"அக்காவா?" என்றார். டீ கிளாசை மேசையில் வைத்தார். "அக்கா அன்னிக்கே நான் போய் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்னு கிளம்பிட்டாங்க சார். நான்தான் உக்காரவெச்சேன்."

ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா அட்டெண்டன்ஸ எடுத்துப் பாப்பாங்கல்ல? நானும் எடுத்துப் பாத்தேன். பதினொரு நாள். ஒவ்வொரு நாளைக்கும் ஆளுங்க மாறுது. பதினொரு நாளும் அந்தப் பத்து நிமிஷத்துல வர்ற பேரு உங்களுது ஒண்ணுதான். உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு மெமோ. வீட்ல கைக்குழந்தை." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "நீங்களே வந்து சொல்லுவீங்க, அப்புறம் எப்படி எழுதலாம்னு ரெண்டு பேரும் சேந்து யோசிக்கலாம்னுதான் ரிப்போர்ட்ட ரெண்டு நாள் டேபிள்லயே வெச்சிருந்தேன். நீங்க வரல. சரி, அவருக்கு என்ன கஷ்டமோன்னு குடுத்துட்டேன்."

அவர் குரலில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் காப்பாற்றியதாக நினைத்த அக்காவுக்கு யாருடைய காப்பும் தேவைப்படவில்லை. அந்த அறையில் காப்பாற்றப்பட்டவன் நான் ஒருவன்தான், அதுவும் டீக்கடையில் பொய் சொன்ன பிறகு. காது மடல்வரை சூடாகிவிட்டது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று நான் நினைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் பாய் என்று சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை, எழுந்துகூட நிற்க வேண்டியதில்லை. அவர் அதற்குள் ஒரு பலகையை இழுத்துப் புரட்டி, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு எம்எம் போதுமா சார், இல்ல பதினெட்டு போட்டுடலாமா?"

"பதினெட்டு" என்றேன்.